கட்டின் மேல் ஒரு மீசை

ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள்களுக்கும்
சோளம் சுடும் வண்டிக்கும் நடுவே
இரண்டு பிளாஸ்டிக் முக்காலி.
ஒன்றில் நான். மற்றதில் யாராவது.
ஐந்து நிமிடம், இருநூறு ரூபாய்.
கைக்குழந்தை இலவசம்.

பெரிதாக்குவதுதான் பிழைப்பு.
முகத்தில் எது முதலில் கை தூக்குகிறதோ
அதைப் பிடித்து இழுக்க வேண்டும்.
ஈரோட்டு ஜவுளிக்காரருக்குக் காது.
தேனிலவுக்கு வந்தவளுக்கு முன்பல்.
அவள் சிரித்தாள். அவன்
ஐம்பது குறைத்துக் கொடுத்தான்.

மூடுபனி இறங்கிவிட்டால்
எதிரில் இருப்பவருக்கு முகமே கிடையாது.
காகிதம் நமுத்துவிடும்.
அன்றைய வரவு ஒரு டீ, அதுவும் கடனில்.

வீடு நாயுடுபுரத்தில்,
ரோட்டிலிருந்து முப்பத்தொரு படி கீழே.
சக்கர நாற்காலி மேலே
முட்டைக்கடை ஸ்டான்லியின் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.
ஞானமுத்து கீழே இருக்கிறான்.
இருவரும் சந்திப்பது ஞாயிறுகளில்,
தூக்கிவரும் டாக்ஸிப் பையன்களுக்குச் சவாரி இல்லாவிட்டால்.

எப்படி இருக்கு என்று கேட்டால்
"பரவால்ல" என்பான்.
மன்னவனூர் வளைவில் கேரட் லாரியோடு உருண்டதை
இன்னும்
"லேசா சறுக்கிருச்சு" என்றுதான் சொல்கிறான்.

பதினொன்று, ஒன்று, மூன்று, ஐந்து.
அலாரம் அடிக்கும், புரட்டிப் படுக்கவைப்பேன்.
தோல் எங்காவது சிவந்திருக்கிறதா என்று
செல்போன் வெளிச்சத்தில் தேடுவேன்.
ஏரிக்கரையில் எந்த முகத்தையும்
இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை நான்.
இடையில் வாட்ஸ்அப் ஆர்டர்:
மாப்பிள்ளை புல்லட் மேல், பொண்ணு ஒல்லியாக,
"கேலியா இருக்கணும், ஆனா அழகா இருக்கணும் மேடம்."

மார்கழியில் ஒரு தப்பு செய்தேன்.
குளிருமே என்று
அவன் பாதத்தடியில் வெந்நீர்ப் பையை வைத்தேன்.
தொட்டுப் பார்த்துத்தான் வைத்தேன்.
இதமாக இருந்தது.
தொட்டது, பகலெல்லாம் பனியில் விறைத்த கை.

மூன்று மணி அலாரத்துக்குப் போர்வையை விலக்கினால்
குதிகாலில் கோழிமுட்டை அளவு கொப்புளம்.
பெரிதாக்கிச் சொல்லவில்லை.
அவ்வளவுதான் இருந்தது.
அவன் கண் விழித்து
என் முகத்தைப் பார்த்துவிட்டு
"யாருக்கு என்னாச்சு?" என்றான்.

நர்ஸ் ஹெப்சிபா ஒன்றுவிட்ட ஒருநாள் வந்தாள்.
அதுவரை அந்தப் படியெல்லாம் இறங்கி வந்தது
வாடகைக்காக வீட்டுக்காரர் மட்டும்தான்.
நான் நாலு நாள் பென்சிலைத் தொடவில்லை.
ஐந்தாம் நாள் அவன்
"இம்புட்டு வெள்ளைய ஏன் சும்மா விடுற?
வீட்டுக்காரர வரை" என்றான்.

மார்க்கரை எடுத்தேன்.
கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெருவிரல்
தானாக மூக்காகிவிட்டது.
மீசை மட்டும் என் வேலை.
அவன் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது.
கால் ஆடாமல்
வீட்டுக்காரர் முறைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் ஹெப்சிபா
மீசையைச் சுற்றிக் கத்தரி ஓட்டினாள்.
"அடுத்தது யாரு?"
அடுத்தது ரேஷன் கடைக்காரர்.
அப்புறம் கவுன்சிலர். அப்புறம்,
போன் செய்யும்போதெல்லாம் "இன்னும் அப்படியேதானா?" என்று
கேட்கிற என் அண்ணன்.

மாசி பிறந்து புண் ஆறியது.
கடைசிக் கட்டில்
"உன்ன வரை" என்றான்.
எதைப் பெரிசாக்க, என்று கேட்டேன்.
வாடிக்கையாளர் மாதிரி அசையாமல் உட்கார்ந்தேன்.
நெடுநேரம் பார்த்தான்.
"கண்ணுக்குக் கீழ தொங்குதே, அந்தப் பைய."
அப்படியே வரைந்தேன்.
இருநூறு கேட்டேன், தரவில்லை.

ஹெப்சிபா வந்து, குனிந்து,
தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்து
"இது யாருன்னு தெரியலையேக்கா" என்றாள்.

தெரியாதுதான்.
மூன்று மணிக்கு மட்டும் இருக்கிற முகம்.
அவள் வருவது பத்தரைக்கு.